தேறக் கூடாத மாணவர்

பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு அதை வீட்டில் மறைக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். பாஸாகிவிட்டு மறைத்த ஆள் எனக்குத் தெரிந்து நம்ம கம்பவுண்டர் ஒருவர்தான். அதுவும் எழுபத்தோராவது வயதில். டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அதைப் பழைய மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே செருகி அலமாரியைப் பூட்டினார். சாயங்காலம் நாலு மணிக்கு, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் கியரிலேயே வண்டி இருமி நின்றது. பக்கத்து சீட்டில் இருந்த டீச்சர், "பரவாயில்ல சார், பதட்டப்படாதீங்க. எல்லாருக்கும் அப்படித்தான்," என்றார். அந்த டீச்சர் கம்பவுண்டரின் மனைவி.

கிழவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கூத்தே.

டீச்சர் முப்பத்திரண்டு வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்தலாம். இவர் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து ஊரே 'பிரேக் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டது. மாணவர்களிடம் ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். திட்டுகளையெல்லாம் பத்திரமாக மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பவுண்டர் தலையில் இறக்குவார். கம்பவுண்டரோ மருந்துக்கடையில் முப்பத்தைந்து வருஷம் நின்றவர். எழுதிய டாக்டரே திணறுகிற எழுத்தை ஒரு பார்வையில் படித்துவிடுவார். ஆனால் ஓட்டத் தெரிந்த வாகனம் சைக்கிள் ஒன்றுதான். அதையும் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார்.

மறதி வந்தது என்றால் எல்லோரும் சாவி, மூக்குக்கண்ணாடி, அணைக்காத அடுப்பு என்று சொல்வார்கள். டீச்சருக்கு அப்படி ஆரம்பிக்கவில்லை. ஒருநாள் கடைக்குப் போய் வருகிறேன் என்று வாசலுக்குப் போனார். வெகு நேரமாகியும் வண்டி கிளம்பிய சத்தமே இல்லை. கம்பவுண்டர் எட்டிப் பார்த்தால், ஓட்டுகிற சீட் காலியாக இருக்கிறது. டீச்சர் அதற்குப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன பண்றே இங்க?"

"ஸ்டூடண்ட் இன்னும் வரலைங்க. முதல் நாளே லேட்டு பாருங்க."

கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்குச் சிரித்ததற்காக அவர் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்தார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது என்றார். மருந்து உண்டா என்று, வாழ்நாளெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்த மனிதர், ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். டீச்சர் நடத்திய பயிற்சிப் பள்ளியை, அங்கே வண்டிகளைப் பழுது பார்த்துவந்த மெக்கானிக் எடுத்துக்கொண்டார். வீட்டுக் காரை விற்றாயிற்று.

இரண்டாவது வருஷம் டீச்சருக்குப் புருஷனைத் தெரியாமல் போயிற்று. சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். எங்கே கிளம்புவது? நாற்பத்தைந்து வருஷமாக இருக்கிற வீடு. கம்பவுண்டர், "இதோ, கொஞ்ச நேரத்துல," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போவார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். குளியல்தான் அவரை ஆட்டி வைத்தது. ஒருநாள் குளிக்க மறுத்தார் டீச்சர். மறுநாளும் அப்படியே. தொட்டால் அலறல். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும், கம்பவுண்டருக்கு மானம் போகும். சாப்பாட்டுத் தட்டும் அப்படித்தான், மாத்திரையும் அப்படித்தான். எடை குறைந்துகொண்டே வந்தது. வேறு ஊரில் வேலை பார்க்கிற ஒரே மகள் வந்து பார்த்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதாள்.

"நல்ல இடம்ப்பா. நானே போய்ப் பாத்தேன். நர்ஸுங்க எல்லாம் தங்கமானவங்க. உங்களால முடியலைப்பா. உங்க கையைப் பாருங்க, எப்படி நடுங்குது."

"கொஞ்ச நாள் பொறும்மா."

"எத்தனை நாள்? அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அம்மா இப்படியே இருந்தா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். என்னைத் திட்டினாலும் சரி."

மகள் மேல் தப்பில்லை. கம்பவுண்டருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இவளை ஒரு கட்டிலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, இந்த வீட்டில் தனியாக எதைத் தின்பது, எங்கே படுப்பது?

மகள் போன மூன்றாம் நாள். டீச்சர் குளித்து நாலு நாள் ஆகியிருந்தது. குளியலறைக் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை நீங்க. உங்க பேச்சைக் கேட்டு நான் எதுக்குக் குளிக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பவுண்டரும் மனுஷன்தானே. காலையிலிருந்து கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வறண்டு கிடந்தது. சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"நாலு மணிக்கு கிளாஸ் இருக்கு டீச்சர்! ஸ்டூடண்ட் வந்து நிப்பாரு! இந்தக் கோலத்துலயா போகப் போறீங்க?"

குத்தலாகச் சொன்ன வார்த்தை. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சர் கைப்பிடியை விட்டார்.

"நாலு மணிக்கா? முன்னாடியே சொல்லக் கூடாதா நீங்க?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கம்பவுண்டர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

டீச்சர் குளித்தார். தலை வாரினார். கொடுத்த சாதத்தை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, மூன்றரை மணிக்கே ஷூ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சரி, இப்போது கிளாஸுக்கு எங்கே போவது? கம்பவுண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"ஒரு வண்டியும் ஒரு ஸ்டூடண்டும் வேணும்ப்பா. இப்பவே வேணும்."

"வண்டி இருக்கு சார். இந்த நேரத்துல ஸ்டூடண்டுக்கு நான் எங்க போவேன்?"

கம்பவுண்டர் ஷூவோடு தயாராக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். "ஸ்டூடண்ட் நான்தான்."

"ஐயோ சார்! உங்களுக்கு சைக்கிள்லயே பிரேக் பிடிக்க வராதே!"

பயிற்சி மைதானம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. நாலு பக்கமும் மதில். தரையில் வெள்ளைக் கோடுகள், திருப்பங்களில் அடுக்கி வைத்த பழைய டயர்கள். முதல் நாள் வண்டி ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டவில்லை. மெக்கானிக் கூடவே நடந்து வந்தார், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. டீச்சர் மட்டும் பதறவே இல்லை.

"கிளட்ச்சை நல்லா அழுத்துங்க சார். இப்ப விடுங்க. பட்டுனு இல்ல. தூங்கற குழந்தையைக் கீழ படுக்க வைக்கிற மாதிரி. ஆங், அப்படித்தான். கண்ணாடியைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க, நான் ஓடிட மாட்டேன்."

காலையில் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டவர் பேசுகிற பேச்சா இது? அதையே கேட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர் நேராகப் பார்த்து ஓட்டுவதற்குப் பதில் டயர் அடுக்கைப் பார்த்து ஓட்டிவிட்டார். டக்கென்று டீச்சர் கால் இறங்கியது, வண்டி நின்றது. அந்தக் கால் ஒன்றையும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் நாலு மணி கிளாஸ். "கிளாஸ் இருக்கு டீச்சர்," என்று சொன்னால் குளியல் நடந்தது, சாப்பாடு நடந்தது, மாத்திரை இறங்கியது. வீட்டில் அவரை யாரோ என்று பார்க்கிறவர், வண்டியில் ஏறினதும், "வாங்க சார், நேத்து சொன்னது ஞாபகம் இருக்கா?" என்பார். நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் டீச்சர் அவரிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசியதே கிடையாது. முன்பெல்லாம் ஒரு கடுகு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் வீடு இரண்டுபடும். இந்த மாணவர் ஒரு மணி நேரத்தில் பதினேழு தரம் வண்டியை நிறுத்தினாலும், "பரவாயில்ல சார்." கம்பவுண்டருக்கு அந்த மாணவர் மேல் லேசாகப் பொறாமைகூட வந்தது.

வந்த வினை இதுதான். அவர் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். சொல்லிக்கொடுப்பவர் அப்படி. பதினெட்டாவது நாள் தன்னை அறியாமல் முழு மைதானத்தையும் ஒரு சுற்று சுற்றி, கோட்டுக்குள் கச்சிதமாக வண்டியை நிறுத்திவிட்டார். டீச்சர் கைகுலுக்கினார். "முடிஞ்சது சார். நீங்க டெஸ்ட்டுக்குப் போகலாம்." கம்பவுண்டர் பெருமையில் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார், அசடு.

மறுநாள் காலை, "கிளாஸ் இருக்கு டீச்சர்," என்றார். டீச்சர் அசையவில்லை. "இல்லையே. கிளாஸ் முடிஞ்சிடுச்சே." காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லை, இது மட்டும் எப்படி மனதில் ஒட்டியது? கடவுளுக்கே வெளிச்சம். ஆறு நாள் குளியல் இல்லை. ஆறு நாள் தட்டு அப்படியே திரும்பி வந்தது. ஏழாவது நாள், ஏதோ நல்ல வேளை, "கிளாஸ்" என்றதும் எழுந்தார். அன்றைக்குக் கம்பவுண்டர் ஒரு முடிவுக்கு வந்தார். தலைகீழாக நின்றாலும் இனிமேல் தேறக் கூடாது.

தேறாமல் இருப்பது அவ்வளவு சுலபம் என்று நினைக்கிறீர்களா? அதற்கும் கைத்திறமை வேண்டும். ஒரே தப்பைத் தினமும் செய்தால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். ஒருநாள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "சார், வேணும்னே பண்றீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே கம்பவுண்டர் மெக்கானிக்கிடம் போய் உட்கார்ந்து, புதிதாகக் கற்கிறவர்கள் என்னென்ன தப்புகள் செய்வார்கள் என்று கேட்டுக் கேட்டு, மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார். காலை ஒன்று, மாலை ஒன்று என்று மருந்து எழுதிக் கொடுத்த கை, திங்கட்கிழமைக்கு ஒரு தப்பு, செவ்வாய்க்கு ஒரு தப்பு என்று எழுதியது.

சொன்னபடி அடுத்த மாசக் கடைசியில் மகள் வந்தாள். அம்மாவின் துணிமணிகளுக்கென்று காலிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். கம்பவுண்டர், "நாலு மணிக்கு வா," என்று மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்தார். அப்பா வண்டியை இருமவைத்து நிறுத்துவதையும், அம்மா குளித்து, தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்து, "மறுபடியும் முதல்லேர்ந்து வருவோம் சார்," என்பதையும் பார்த்தாள். டீச்சர் திரும்பி, "அடுத்த கிளாஸ் உங்களுதாம்மா? அஞ்சு நிமிஷம், சார் முடிச்சிடுவாரு," என்றார். மகள் சிரித்தாள், அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரிப்பா," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "இந்த கிளாஸ் நடக்கிற வரைக்கும் அம்மா இங்கயே இருக்கட்டும். நின்னு போச்சுன்னா அப்ப பேசலாம். ஆனா நீங்க ஒழுங்கா ஓட்டக் கத்துக்கணும். மெக்கானிக் அண்ணன்கிட்ட காலைல தனியா கத்துக்கிட்டு லைசென்ஸ் எடுங்க. அம்மாவை வச்சுக்கிட்டு விளையாட்டு வேண்டாம்."

அப்படித்தான் எடுத்தார் லைசென்ஸை. பக்கத்து வீட்டம்மா டீச்சரோடு உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில், காலை ஏழு மணிக்கு மெக்கானிக்கிடம் நன்றாக ஓட்டினார். மாலை நாலு மணிக்கு மனைவியிடம் மோசமாக ஓட்டினார். எட்டு மாசம் இப்படி ஓடிற்று. கிளாஸ் நின்றால் இவள் போய்விடுவாள் என்ற பயத்தில், ஒருநாள்கூடத் தேறிவிடாமல் கண்ணும் கருத்துமாக இருந்தார்.

ஆனால் நோய் அவரைவிடக் கண்ணும் கருத்துமாக இருந்தது. டீச்சர் மைதானத்துக்கு நடக்க முன்பைவிட நேரமாயிற்று. வண்டியில் பேச்சு குறைந்தது. சில நாள் ஒரு மணி நேரமும் வெறுமனே வெளியே பார்த்துக்கொண்டு வருவார். தப்பு செய்தால் மட்டும் கால் தானாக இறங்கும். அது போதும் என்றிருந்தார் கம்பவுண்டர்.

அன்று ஒரு வியாழக்கிழமை. அன்றைய தப்பு, திருப்பத்தில் வளைக்காமல் நேராக டயர் அடுக்கைப் பார்த்துப் போவது. போனார். பக்கத்துக் கால் இறங்கும் என்று காத்திருந்தார். இறங்கவில்லை. டயர் நெருங்கிக்கொண்டே வருகிறது. ஓரக்கண்ணால் பார்த்தார். டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் காற்றில் சுகமாகக் கண்ணை மூடியிருந்தார். கம்பவுண்டர் தன் காலை ஓங்கி இறக்கினார். டயருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. உயிர் போய் உயிர் வந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். டயரைப் பார்த்தார். தன் காலைக் குனிந்து பார்த்தார், அது யாருடையதோ போல.

"பிரேக் போட்டது யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். நீங்கள்தான் டீச்சர் என்று சொல்லியிருந்தால் நாளைக்கும் கிளாஸ் இருந்திருக்கும். ஆனால் பிரேக்குக்கு மேல் கிடந்த அந்தக் காலைப் பார்த்தபின் கம்பவுண்டருக்கு வாய் வரவில்லை. இனி அந்தப் பிரேக்கை நம்பி இந்த வண்டியில் இவளை ஏற்ற முடியாது.

"நான்தான் டீச்சர்."

"நல்லா போட்டீங்க." டீச்சர் மெல்லக் கையை நீட்டினார். "முடிஞ்சது சார். இனிமே பக்கத்துல நான் வேண்டாம் உங்களுக்கு."

கம்பவுண்டர் அந்தக் கையைப் பிடித்தார். குலுக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டுதான் இருந்தார். எட்டு மாசமாகக் காப்பாற்றி வைத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் டீச்சர். "இந்த வயசுல எதுக்கு சார் வண்டி கத்துக்கிட்டீங்க?"

"வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்ல டீச்சர். அவங்களுக்காகத்தான்."

"அச்சச்சோ. ரொம்ப முடியலையா?"

"கொஞ்சம் முடியலை."

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார். கதவைத் திறந்து இறங்கி, பின் கதவைத் திறந்து ஏறி, பயணி மாதிரி உட்கார்ந்துகொண்டார். "அப்படியே என்னை வீட்டுல இறக்கி விட்டுடுங்க சார். எங்க வீட்டுக்காரர் காத்துக்கிட்டு இருப்பாரு."

கம்பவுண்டர் மைதானத்துக் கதவைத் தாண்டி முதல் தடவையாக மனைவியைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போனார். கண்ணைத் துடைக்க ஒரு கை தேவைப்பட்டது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்பது டீச்சர் சொன்ன பாடம், அதனால் துடைக்காமலே ஓட்டினார். இரண்டு தெரு. வாசலில் நிறுத்தினார். டீச்சர் இறங்கி, "வரேன் சார். வீட்டம்மாவைப் பத்திரமா பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வாசல்படி ஏறி அழைப்பு மணியை அழுத்தினார்.

உள்ளே யார் இருக்கிறார்கள் திறக்க? கம்பவுண்டர் வண்டியைத் தெருமுனையில் ஓரம் கட்டினார். பக்கத்துச் சந்தில் புகுந்து ஓடினார். ஓட்டம் என்றால் எழுபத்தோரு வயது முழங்கால் ஓடுகிற ஓட்டம்தான். பின்கட்டுக் கதவைத் திறந்து, அடுக்களையைத் தாண்டி, நாற்காலியில் இடித்துக்கொண்டு, இரண்டாவது மணி அடிக்கும்போது முன்கதவைத் திறந்துவிட்டார்.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கம்பவுண்டர் மூச்சை அடக்கப் பார்த்தபடி நின்றார், இவள் இப்போது என்னை யார் என்று கேட்கப் போகிறாள் என்று.

"ஏங்க, இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு? எங்க ஓடிட்டு வர்றீங்க?"

ஏங்க. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு. கம்பவுண்டர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான். உள்ளதான் இருந்தேன். நீ வா."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். கம்பவுண்டர் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலை இழுத்துக்கொள்ளவில்லை டீச்சர். "இன்னிக்கு ஒரு பெரியவரை முடிச்சு அனுப்பிட்டேங்க. கடைசி ஸ்டூடண்ட். இனிமே கிளாஸ் கிடையாது. எனக்கும் முடியலை."

"சரி."

"பாவம் அவரு. வீட்டம்மாவுக்கு உடம்பு முடியலையாம். அவங்களுக்காக இந்த வயசுல வண்டி கத்துக்கிட்டிருக்காரு மனுஷன். குடுத்து வச்சவ அந்த அம்மா." கம்பவுண்டர் நிமிரவில்லை. ஷூ நாடாவில் அவருக்கு ஏதோ பெரிய வேலை இருந்தது. "நீங்களும்தான் இருக்கீங்களே! எத்தனை தரம் கூப்பிட்டேன், வாங்க சொல்லித் தரேன்னு. ஒருநாள் வந்து உக்காந்தீங்களா?"

"தப்புதான். வந்திருக்கணும்."

"சரி விடுங்க, போகட்டும்." டீச்சர் அவர் தோளில் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். "உடம்பெல்லாம் கசகசன்னு இருக்கு. குளிக்கணும். தண்ணி எடுத்து வைங்க."